தருமபுத்திரருக்கு வீடு வேண்டும்

"வீடு வாடகைக்கு விடப்படும்" என்ற பலகையைக் கண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நெஞ்சு படபடக்க உள்ளே நுழைந்த அனுபவம் நேயர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். இக்காலத்தில் அந்தப் பலகை கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. ஆனால் பலகையின் பின்னால் இருந்த நிபந்தனைகள் எங்கும் போய்விடவில்லை. முன்பு வீட்டுக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்து மனத்துக்குள் வைத்துக்கொண்டதை இப்போது எழுத்திலேயே போட்டுவிடுகிறார்கள். குடும்பத்தினருக்கு மட்டும், பிரம்மசாரிகள் வேண்டாம், சைவம் மட்டும். இந்தச் "சைவம் மட்டும்" என்னும் இரண்டு சொற்களுக்குள் எத்தனை விசாரணைகள் ஒளிந்திருக்கின்றன என்பது வீடு தேடியவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றித் தனியே ஒரு வாரம் எழுதவேண்டும். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது அந்தப் பட்டியலின் கடைசி வரியை மட்டுமே: "வளர்ப்புப் பிராணிகள் கூடாது."

இது புதிய நிபந்தனை என்று யாரும் எண்ணவேண்டாம். மகாபாரதத்தின் முடிவில் பாண்டவர்கள் இமயமலையில் ஏறிச் செல்கிறார்கள். திரௌபதியும் தம்பிமார் நால்வரும் ஒருவர் பின் ஒருவராய் விழுந்துவிட, தருமபுத்திரருடன் மிஞ்சுவது வழியில் சேர்ந்துகொண்ட ஒரு நாய்தான். தேவேந்திரன் ரதத்துடன் வந்து நிற்கிறான். ஏறிக்கொள்ளலாம், ஆனால் நாயை விட்டுவிடவேண்டும், நாயுடன் வருகிறவர்களுக்கு ஸ்வர்க்கத்தில் இடமில்லை என்கிறான். அண்டிவந்த ஜீவனைக் கைவிட்டுத்தான் அந்த இடம் கிடைக்குமென்றால் அது தமக்கு வேண்டாம் என்று தருமபுத்திரர் நின்றுவிடுகிறார். உடனே நாய் தன் உருவம் மாறி, தருமதேவனாகக் காட்சி கொடுக்கிறது, இடமும் கிடைத்துவிடுகிறது. நம்முடைய இளைஞர்கள் வளர்க்கும் நாய்கள் அவ்வாறு உருமாறிக் காட்டுவதில்லை. கடைசிவரை நாயாகவே இருந்துவிடுகின்றன. வீட்டுக்காரரின் மனமும் மாறுவதில்லை.

சென்ற தை மாதம் மணமான நமது பழைய மாணவர் ஒருவர், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மனைவியுடன் நம்மைப் பார்க்க வந்தார். இருவருக்கும் சென்னையில் உத்தியோகம். முதன்முதலாகத் தனிக்குடித்தனம். அந்தப் பெண் ஐந்து வருஷங்களுக்கு முன் மழைநீர்க் கால்வாய் ஓரத்திலிருந்து எடுத்து வளர்த்த நாய் ஒன்று இருக்கிறது. பெயர் கறுப்பி. பெற்றோர் மகனுடன் வசிக்க வெளிநாடு சென்றுவிட்டதால், கறுப்பி பெண்ணோடுதான் வந்தாகவேண்டும். அதுவரையில் ஒரு சிநேகிதி வீட்டில் இருந்தது. அந்தச் சிநேகிதியும் பங்குனிக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"பதினான்கு வீடு பார்த்துவிட்டோம், ஸார். கறுப்பியைப் பற்றிச் சொல்லும் வரையில் பதினான்கும் எங்கள் வீடாகத்தான் இருந்தன" என்றார் மாணவர்.

மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்காரர், தாம் நாய்ப் பிரியர் என்றும், ஆனால் வாசற்கோலத்தை மிதித்துவிடுமே என்று தம் தாயார் கவலைப்படுவதாகவும் சொன்னாராம். மேற்கு மாம்பலத்தில் ஒருவர் வீட்டுக்கூடத்தில் பைரவர் படம் மாட்டியிருந்தார். பைரவருக்கு வாகனம் நாய்தான் என்பதை அவருக்கு நினைவூட்டலாமா என்று நம் மாணவருக்கு நாக்குத் துடித்ததாம். மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வேளச்சேரியில் ஒருவர் பெருந்தன்மையோடு சம்மதித்தார். நாயை வீட்டுக்குள் விடக்கூடாது, மொட்டை மாடியில் கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் ஏற்பாடு. சென்னையில் அக்கினி நட்சத்திரத்தின்போது அந்த மாடியில் வெறுங்காலுடன் இரண்டு நிமிஷம் அவர் நின்று பார்த்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார். நமக்கு உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு தணிகிறது. நாய்க்கு வேர்வை என்று இருப்பது உள்ளங்கால்களில் மட்டுமே. மற்றபடி மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நிழலற்ற தளத்தில் கட்டிப்போட்ட நாய் ஒரு பகலிலேயே இறந்துபோகக்கூடும்.

இவ்வளவுக்கும் நடுவில் தரகர் ஒரு யோசனை சொன்னார். "நாய் என்ற பேச்சையே எடுக்காதீர்கள், தம்பி. முன்பணம் கொடுங்கள், பால் காய்ச்சுங்கள். பத்து நாள் கழித்து ராத்திரியில் அழைத்து வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு யார் என்ன செய்ய முடியும்?" பெரியவர்களின் யோசனை வேறு. உறவினர் ஒருவர், ஏதாவதொரு கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டால் போகிற வருகிறவர்கள் சோறு போடுவார்கள் என்றார். சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. எது உசிதம் என்று கேட்கத்தான் அவர்கள் நம்மிடம் வந்திருந்தார்கள்.

கோயில் வாசல் யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம். இப்படிச் செய்கிறவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். நாய் எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள். தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்த நாய் பிழைத்துக்கொள்ளும். எந்த வண்டி எப்போது வரும், எந்தக் கடைக்காரர் எலும்பு போடுவார், எந்தச் சந்து எந்தக் கூட்டத்தின் எல்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியும். தட்டில் சோறும் படுக்கையில் இடமும் பெற்று ஐந்து வருஷம் வளர்ந்த நாய்க்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. அயல் நாயைக் கண்டால் அந்தத் தெரு நாய்கள் சேர்ந்து விரட்டும். விட்டுச் சென்றவர் திரும்பி வருவாரென்று அது அந்த இடத்தை விட்டு நகராமலும் கிடக்கும். பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அதே சட்டம், எப்போதும் கட்டிப்போட்டே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமலிருப்பதையும் குற்றமென்கிறது. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! அது ஏற்பட்ட காலத்தில் 50 ரூபாய் ஒரு தொகை. இன்று இரண்டு பேர் ஹோட்டலில் சிற்றுண்டி அருந்த அது போதாது. ஆகவே சட்டத்துக்குப் பயந்து யாரும் நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை.

இந்தச் சட்டத்துக்கும் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டபோது, அங்கே பிராணிகளுக்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய முயற்சியின் பயன்தான் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் 1962-இல் ஏற்பட்ட இந்தியப் பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பரதநாட்டியத்தில் அவர் செய்ததைப் போற்றுகிற நாம், வாயில்லாத ஜீவன்களுக்கு அவர் செய்ததை அவ்வளவாக நினைப்பதில்லை.

அந்த வாரியம் 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அடுக்கு மாடிக் கட்டிடங்களின் சங்கங்கள், பெரும்பான்மையோர் கூடித் தீர்மானம் போட்டாலும், வளர்ப்பு நாய்களை அடியோடு விலக்க முடியாது. மின்தூக்கியில் ஏறக்கூடாது என்று தடுக்கவும் முடியாது என்று அதில் விளக்கியது. நாய் வளர்ப்பவர்களுக்கும், பொது இடத்தில் வாரில் பிடித்துச் செல்லவேண்டும், அசுத்தம் செய்தால் துப்புரவு செய்யவேண்டும் என்று புத்தி சொன்னது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பலர் வீட்டுக்காரரிடம் வாதாடப் போகிறார்கள். அங்கேதான் தவறு. சங்கம் வேறு, வீட்டுக்காரர் வேறு. சொந்த வீட்டில் இருப்பவனை அண்டை வீட்டார் கூடி ஒடுக்கக்கூடாது என்பதற்கு எழுந்தது அந்தச் சுற்றறிக்கை. தம் வீட்டை யாருக்கு, என்ன நிபந்தனையின்மேல் வாடகைக்கு விடுவது என்பது இன்னமும் நம் நாட்டில் வீட்டுக்காரரின் இஷ்டமாகவே இருந்து வருகிறது.

பிற நாடுகளில் அப்படியே விட்டுவிடவில்லை. பிரான்ஸில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வீட்டில் வளர்ப்புப் பிராணி வைத்திருக்கக்கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதினால் அந்த வரியே செல்லாது என்கிறது. பிராணியால் சேதமோ தொந்தரவோ இருக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய சட்டம், குடியிருப்பவர் எழுதிக் கேட்டால் தக்க காரணமின்றி மறுக்கக்கூடாது என்று வகுத்திருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வரலாம். ஆனால் பங்குனிக்குள் வராது. கறுப்பிக்கு இடம் வேண்டியது பங்குனிக்குள்.

சட்டத்தை விட்டுவிட்டு, வீட்டுக்காரரின் மனத்துக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். நமக்கு அறிமுகமான ஒருவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. சேமநிதிப் பணம் முழுவதையும் போட்டு அம்பத்தூரில் ஒரு சிறு வீடு வாங்கினார். ஓய்வூதியத்துடன் அந்த வாடகையும் சேர்ந்தால்தான் அவர் குடும்பம் நடக்கும். அங்கே குடிவந்த இருவர், தரகர் சொல்லிக்கொடுத்த அதே முறையில், இரண்டு நாய்களை இரவோடு இரவாகக் கொண்டுவந்தார்கள். பகல் முழுவதும் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். தனிமையில் அடைபட்ட நாய்கள் குரைத்துத் தீர்த்தன. தேக்குக் கதவின் அடிப்பாகத்தைப் பிறாண்டிச் சிராய்த்தன. சமையலறை அலமாரிப் பலகை சிறுநீரில் ஊறி உப்பிவிட்டது. அவர்கள் காலி செய்த பிறகு முன்பணத்தில் பிடித்தது போக, மேலும் 40,000 ரூபாய் அவர் கையிலிருந்து செலவாயிற்று. அன்றிலிருந்து நாய் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கதவைச் சாத்திவிடுகிறார். அவர் பிராணித் துவேஷி என்று எவராவது சொன்னால் நாம் ஒப்பமாட்டோம்.

இன்னொரு பயமும் உண்டு. உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வீட்டில் பேரக்குழந்தை தவழும்போது, ஒரு பாட்டி முன்பின் அறியாத நாயைக் கண்டு மிரளுவதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பதில் தடுப்பூசிச் சான்று ஒன்றுதான்.

ஆகவே தரகரின் யோசனையை நாம் அடியோடு மறுத்தோம். மறைத்து வைத்த நாய் ஒரு மாதத்தில் வெளிப்பட்டே தீரும். அப்போது வீட்டுக்காரர் கோபிப்பது நாயைக் கண்டு அல்ல, பொய்யைக் கண்டு. அவர் வெளியேற்றுவது ஒரு குடும்பத்தையானாலும், அதனால் கதவடைபடுவது பின்னால் வரும் பத்துக் குடும்பங்களுக்கு.

மாணவர் நம்மிடம் ஒரு கடிதம் கேட்டார். கறுப்பிக்கு நன்னடத்தைச் சான்றிதழ்! இருபது வருஷங்களுக்கு மேலாக "நடத்தை: நன்று" என்று நாம் எழுதிக் கையெழுத்திட்ட பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் காணாத ஜீவனுக்கு எழுதும் வழக்கம் நமக்கில்லை. மறுநாள் மாலை அந்தச் சிநேகிதி வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நாய் வாசல் மணி அடித்தபோது இரண்டு முறை குரைத்து, அதட்டியதும் நிறுத்திக்கொண்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை வாலைப் பிடித்து இழுத்தபோது எழுந்து வேறு மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. கண்டதை மட்டும் எழுதிக் கொடுத்தோம்.

பதினைந்தாவது வீடு நங்கநல்லூரில் அமைந்தது. கீழே வீட்டுக்கார அம்மாள், ஓய்வுபெற்ற செவிலியர். மாடிப் பகுதிதான் வாடகைக்கு. இம்முறை நம் மாணவர் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கறுப்பியைப் பற்றிச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் நம் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாளாம். "வாத்தியார்கள் நல்லதாகத்தான் எழுதுவார்கள். தடுப்பூசிச் சீட்டு இருக்கிறதா? பகலில் நாயோடு யார் இருப்பார்கள்? மாடிப்படியில் அசிங்கம் செய்தால் அதை யார் கழுவுவது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள், தம்பி" என்றாள்.

எவ்வளவு நேரான கேள்விகள்! தடுப்பூசிச் சீட்டும் மாநகராட்சி உரிமமும் அவர்கள் கையிலேயே இருந்தன. கழுவுவது யார் என்பதிலும் சிரமம் இல்லை. நடுக் கேள்விதான் அவர்களைத் திணற வைத்தது. பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. மற்ற மூன்று நாளும் நடுப்பகலில் ஒருவர் வந்து நாயை வெளியே அழைத்துப் போக ஏற்பாடு செய்வதாகச் சொல்லி, அதன்படியே ஆளும் அமர்த்தினார்கள். தனியே விடுவதற்கும் பழக்கவேண்டியிருந்தது. முதல் நாள் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, பிறகு அரை மணி என்று கூட்டிக்கொண்டே போகவேண்டும். திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை ஏற்பட்ட நாய்தான் குரைக்காமல் தூங்கும். இதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கிறது. ஆகவே குடிபுகுந்த மறுநாளே இருவரும் வேலைக்குக் கிளம்பிவிடுவது நல்லதல்ல.

பிறகு எழுத்து. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்திலேயே இருக்கவேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. பத்து மாத முன்பணம் என்ற சென்னை வழக்கம் இந்த "ஒப்புக்கொண்டாலன்றி" என்ற சந்தில்தான் இன்னமும் உயிர் வாழ்கிறது. நாயைக் காரணம் காட்டி மாத வாடகையை உயர்த்துவது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. சேதம் உண்டானால் சரிசெய்து கொடுப்பதாகத் தனியே ஒரு வரி எழுதிக்கொள்வதே முறை. நங்கநல்லூர் ஒப்பந்தத்தில் கறுப்பியின் பெயரே எழுதப்பட்டது. ஒரு நாய்தான், இன்னொன்று சேர்ப்பதென்றால் கேட்டுக்கொண்டு சேர்க்கவேண்டும். தடுப்பூசி வருஷந்தோறும் போட்டுச் சீட்டைக் காட்டவேண்டும். அண்டை அயலார் முறையிட்டால் உடனே காலி செய்யச் சொல்லாமல் ஒரு மாதம் தவணை தரவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டு வாங்கியது அந்தப் பெண்தான். குடிபுகுந்த அன்றே கதவு, தரை, அலமாரி எல்லாவற்றையும் இரு தரப்பும் சேர்ந்து கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நகத்தை அவ்வப்போது வெட்டிவிட்டு, கதவின் அடியில் ஒரு மெல்லிய தகடு அடித்துவிட்டால் பிறாண்டலைப் பற்றிய பேச்சே எழாது. பூனை வளர்ப்பவர்கள் ஜன்னலுக்கு வலை போடுவதோடு, தரை துடைக்கும் பினாயிலையும் மாற்றிவிடவேண்டும். அதிலுள்ள சரக்கு பூனைக்கு விஷம்.

இனிமேல்தான் பிராணி வாங்க எண்ணியிருக்கும் இளந்தம்பதிகளிடம் ஒரு வார்த்தை. சொந்த வீடில்லாதவர்கள் வீடு அமைந்த பிறகு நாயைத் தேடுவதே நலம். அப்படித் தேடும்போதும், சைபீரியப் பனிக்கென்று இரட்டை ரோமம் போர்த்திப் பிறந்த ஹஸ்கியை வேளச்சேரியில் கொண்டுவந்து குளிர்சாதனத்தில் அடைக்கும் மோகம் நமக்கு விளங்கவில்லை. இந்தியத் தபால் துறை 2005-இல் நான்கு நாய் வகைகளுக்குத் தபால் தலை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று நம் ராஜபாளையம். தபால் தலையில் இடம் பெற்ற அதே நாய்க்குப் பட்டணத்தில் இரண்டு அறை கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம். ஓடித் திரியப் பிறந்த அந்த வேட்டை நாய்க்கு இரண்டு அறை போதாது என்பதும் உண்மைதான். கறுப்பியைப் போன்ற தெருவோரத்துக் குட்டி, நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகியது.

ஒப்பந்த காலம் முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது, சுவரை வெள்ளையடித்து, சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம்: இவர்கள் நாயுடன் இங்கே இருந்தார்கள், வீட்டுக்குச் சேதமில்லை, அயலாரிடமிருந்து புகாரில்லை என்று. அடுத்த வீட்டுக்காரரிடம் நாம் எழுதிய கடிதத்தைவிட இதற்குத்தான் மதிப்பு. வாத்தியார் அந்த நாயை ஒரு மணி நேரம் பார்த்தார். அவர் பதினொரு மாதம் பார்த்திருப்பார்.